ஜெர்மன் பொம்மைப் பட்டாளமும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை இரவு. மும்பையில் எங்கள் சாலில் மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் நண்பர் என்னைத் தேடி வந்தார். நெல்லைச் சீமைக்காரர். 32 வருடம் குமாஸ்தா உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் கலங்காத மனிதரின் முகம் அன்று வாடிக் கிடந்தது.

"அண்ணாச்சி, நீங்க ஒரு எட்டு வந்து எங்க வீட்டுப் பயலுக்குப் புத்தி சொல்லணும். மாசா மாசம் சம்பளத்துல ஒரு பங்கைக் கொண்டுபோய் பொம்மை வாங்குறான். அதுவும் ஹிட்லர் பட்டாளத்துப் பொம்மை. ராத்திரி ஒரு மணி வரைக்கும் விளக்கைப் போட்டுக்கிட்டு அதுக்குப் பெயிண்ட் அடிக்கிறான். பொண்ணு பார்க்கிற நேரத்துல இதை யார்கிட்ட போய்ச் சொல்ல?" என்றார்.

குடியா, சீட்டா, கடனா என்று பயந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஹிட்லர் என்ற பெயரைக் கேட்டதும் சிரிப்பு அடங்கிவிட்டது. மறுநாள் காலையில் போனேன்.

அந்த வீட்டில் நான் கண்டதையும், அதன்பின் ஆறு மாதமாக அந்தப் பையனோடு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டதையும் வாசகர்களிடம் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பொழுதுபோக்கை அரைகுறையாகச் செய்தால் அது ஹிட்லருக்குக் கொடி பிடிப்பதில் போய் முடியும். முழுதாக, ஆராய்ச்சியோடு செய்தால் ஹிட்லர் மயக்கத்துக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

ஆறடி ஆள் ஓர் அங்குலம்

பையனுக்கு வயது 26. வங்கி ஒன்றில் வேலை. தரையில் பழைய செய்தித்தாளை விரித்து (நம் பத்திரிகைதான், வேறென்ன) அதன்மேல் பலகை போட்டு வேலை செய்துகொண்டிருந்தான். எதிரே 30 சிப்பாய்கள் நின்றார்கள். ஒவ்வொருவனும் ஓர் அங்குல உயரம்.

"அசல்ல 72ல ஒரு பங்கு, பெரியப்பா. ஆறடி ஆளு சரியா ஒரு அங்குலம் ஆயிடுவான்" என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறடி என்பது 72 அங்குலம். சரிதான்.

பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொரு உருவத்தையும் வெட்டி எடுக்க வேண்டும். அச்சின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதைப் பிளேடால் சீவ வேண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, பெயிண்ட் பிடிப்பதற்காக ஒரு பூச்சு பூச வேண்டும். அதன் மேல் சட்டைக்கு ஒரு நிறம், கால்சட்டைக்கு ஒரு நிறம், இடுப்பு வாருக்கு, தண்ணீர்க் குடுவைக்கு, துப்பாக்கிக் கட்டைக்கு என்று தனித்தனி நிறங்கள். பிறகு கறுப்பும் பழுப்புமாக நீர்க்கக் கரைத்த மையை விட்டால் துணியின் மடிப்புகளில் போய்த் தங்கி நிழல் கொடுக்கும். மேடான இடங்களில் வெளிறிய நிறத்தை லேசாகத் தடவினால் வெளிச்சம் விழுந்ததுபோல் தெரியும். கடைசியில் வார்னிஷ். காலடியில் மணலும் புல்லும் ஒட்ட வேண்டும். இத்தனையும் ஓர் அங்குலத்துக்கு! கண்ணுக்குப் புள்ளி வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறான். நகைப் பட்டறையில் பொடி வைத்து ஊதுகிறவனைப் பார்த்ததுபோல் இருந்தது.

"இதை வைத்து என்னடா செய்வாய்?" என்று கேட்டேன்.

விளையாடுவார்களாம். ஒரு மேசையில் மலை, ஆறு, வீடு, தோட்டம் எல்லாம் வைத்து, இரண்டு பக்கமும் இரண்டு படைகளை நிறுத்துவார்கள். அளவு நாடாவால் அளந்து படையை நகர்த்த வேண்டும். சுட்டது பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். சரித்திரத்தில் நடந்த ஒரு சண்டையை எடுத்துக்கொண்டு, அதே ஊர், அதே படை, அதே அளவு ஆயுதம் என்று வைத்து ஆடுவதுதான் இதில் உயர்ந்த ரகம். அதற்காகத்தான் ஆராய்ச்சி.

இது யாருடைய சரக்கு என்று பார்த்தால், வேர் நம் நாட்டில் இருக்கிறது. தேர், யானை, குதிரை, காலாள் என்ற நாற்படையை வைத்து ஆடிய சதுரங்கம் இங்கிருந்து பாரசீகம் போய், அங்கிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. 1780ல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரில் ஹெல்விக் என்ற கணித ஆசிரியர் அந்தச் சதுரங்கப் பலகையைப் பெரிதாக்கி, மலையும் ஆறும் சேர்த்துப் போர் விளையாட்டாக்கினார். 1812ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு பிரஷ்யா மன்னருக்கு இழுப்பறைகளோடு கூடிய ஒரு விளையாட்டு மேசையே செய்து கொடுத்தார். பீரங்கிப் படை அதிகாரியான அவருடைய மகன் 1824ல் விதிகளைத் திருத்தி வெளியிட்டார். பிரஷ்யாவின் தலைமைத் தளபதியகம் அதைத் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சியாகவே வைத்துக்கொண்டது. 1866லும் 1870லும் பிரஷ்யா பெற்ற வெற்றிகளைப் பார்த்து மற்ற நாடுகளும் அதைக் காப்பியடித்தன. பாவம், அந்த மகன் 1827லேயே தற்கொலை செய்துகொண்டு இறந்துபோனார்.

பட்டாளத்து ஆபீஸிலிருந்து இதை வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்து எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ். 1913ல் இந்த விளையாட்டுக்கு ஒரு புத்தகமே எழுதினார். போரை வெறுத்தவர் அவர். பொம்மைப் போரை ஆடிப் பார்க்கிறவனுக்கு உண்மைப் போர் எவ்வளவு பெரிய மடத்தனம் என்பது விளங்கும் என்பது அவர் வாதம். மறு வருடமே உலக யுத்தம் மூண்டது. அதே 1914 செப்டம்பர் 22ந் தேதி இரவு 'எம்டன்' கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டது. ஜெர்மானியர் நமக்கு விட்டுப்போன சொல் அது ஒன்றுதான். "அவன் பெரிய எம்டன்" என்று இன்றைக்கும் சொல்கிறோம்.

சட்டைப் பையின் மடிப்பு

நிற்க. அந்தப் பையனிடம் நான் முதலில் கேட்ட கேள்வி, "எதற்கு ஜெர்மன் படை? வேறு படையே கிடைக்கவில்லையா?" என்பதுதான். அவன் மழுப்பாமல் பதில் சொன்னான். "முதல்ல பார்க்க நல்லா இருந்துச்சு, பெரியப்பா. டாங்கி, தொப்பி, உடுப்பு எல்லாம் மிடுக்கா இருந்துச்சு. அதான் வாங்கினேன்."

உலகம் முழுவதும் இதுதான் நிலைமை. இந்த விளையாட்டில் ஜெர்மன் படைக்கு இருக்கும் கிராக்கி மற்றப் படைகளுக்கு இல்லை. சாதாரணமாக இந்த மோகம் வாங்குவதோடு நின்றுவிடும். ஆனால் இவன் பெயிண்ட் அடிக்க உட்கார்ந்தான். என்ன நிறம் என்று தேடப் போனான். அங்கேதான் மயக்கம் தெளிய ஆரம்பித்தது.

ஜெர்மன் சிப்பாயின் உடுப்பு நிறத்துக்குப் போர்க்களச் சாம்பல் என்று பெயர். பச்சை கலந்த சாம்பல். ஸ்பெயின் நாட்டுக் கம்பெனி ஒன்று அந்தப் பெயரைப் போட்டே டப்பாவில் விற்கிறது. அதை வாங்கி எல்லாருக்கும் ஒரே மாதிரி பூசிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தானாம். படிக்கப் படிக்க, அப்படி ஒரே நிறம் இருந்ததே இல்லை என்று தெரிந்தது. 1936ல் வந்த சட்டைக்குக் கரும்பச்சைக் காலர். 1940க்குள் அந்தப் பச்சைக் காலர் போய்விட்டது. சட்டைத் துணியிலேயே காலரும் தைத்தார்கள். கம்பளியில் செயற்கை நூலும் பழைய கம்பளிக் கழிவும் வருடத்துக்கு வருடம் கூடுதலாகச் சேர்ந்தன. சாயம் ஒரு ஆலையில் ஒரு மாதிரி, இன்னொரு ஆலையில் வேறு மாதிரி. 1943க்குள் சட்டைப் பையின் நடுவில் இருந்த மடிப்பை எடுத்துவிட்டார்கள். 1944ல் சட்டையின் நீளத்தையே குறைத்துவிட்டார்கள். நிறமும் பழுப்புப் பக்கம் சாய்ந்துவிட்டது. முழங்கால் வரை வந்த தோல் பூட்ஸ் போய், கணுக்கால் பூட்ஸும் அதன் மேல் கித்தான் பட்டையும் வந்தன.

நம் வாசகர்களில் பலர், அல்லது அவர்களுடைய தகப்பனார்கள், மும்பையின் துணி மில்களில் வேலை பார்த்தவர்கள். 1982 வேலைநிறுத்தத்துக்கு முந்திய காலம் அது. சட்டைப் பையின் மடிப்பை ஒரு நிர்வாகம் ஏன் எடுக்கிறது என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. துணி மிச்சம், தையல் கூலி மிச்சம். சரக்கு இல்லாதவன் செய்கிற வேலை. உலகத்தை ஆளப் புறப்பட்டவர்களின் கஜானா காலியான கதை, ஓர் அங்குலப் பொம்மையின் சட்டைப் பையில் எழுதியிருக்கிறது. பேரேட்டைப் பார்த்து நிறுவனத்தின் நிலைமையைச் சொல்கிற குமாஸ்தாவுக்கு இது பழகிய வித்தைதான்.

குதிரைகள் எங்கே?

அடுத்த அதிர்ச்சி குதிரை. ஜெர்மன் படை என்றால் நமக்கெல்லாம் மனக்கண்ணில் தெரிவது டாங்கி. மின்னல் வேகம். இந்தப் பையனும் ஏழெட்டு டாங்கிகள் வாங்கி வைத்திருந்தான். பிறகு ஒரு ஜெர்மன் காலாட்படை டிவிஷனில் யார் யார், என்னென்ன என்று பட்டியல் எடுத்தான். போர் தொடங்கிய 1939ல் ஒரு டிவிஷனுக்கு ஏறத்தாழ 17,000 ஆட்கள். குதிரைகள் சுமார் 5,000! டாங்கி ஒன்றுகூடக் கிடையாது. பீரங்கியை இழுத்தது குதிரை. ரொட்டி வண்டியை, தோட்டாப் பெட்டியை, சமையல் அடுப்பை இழுத்தது குதிரை. 1941 ஜூன் 22ந் தேதி ரஷ்யாவுக்குள் ஹிட்லரின் படை நுழைந்தபோது 30 லட்சத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களோடு 6 லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகளும் போயின. டாங்கிகள் 3,000-க்குச் சற்று மேல். மிகப் பெரும்பாலான சிப்பாய்கள் மாஸ்கோவை நோக்கி நடந்துதான் போனார்கள்.

பின்னே அந்த மின்னல் வேகப் படங்கள் எங்கிருந்து வந்தன? இங்கேதான் பையன் எனக்கே ஒரு பாடம் எடுத்தான். ஜெர்மன் ராணுவத்தில் பிரசாரக் கம்பெனிகள் என்றே தனிப் பிரிவுகள் இருந்தன. இன்று நாம் பார்க்கும் போர்ப் படங்களில் பெரும்பகுதி அந்தச் சிப்பாய்கள் எடுத்தவை. ஜெர்மனியின் மத்திய ஆவணக் காப்பகம் 2008 டிசம்பரில் பல்லாயிரம் படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு இலவசமாகத் திறந்துவிட்டது. வண்ணம் பூசுகிறவர்களுக்கு அது பொக்கிஷம். ஆனால் அந்தக் காமிராவைப் பிடித்தவன் யாருக்குச் சம்பளக்காரன் என்பதை மறந்துவிடக் கூடாது. டாங்கியை ஒருவன் படம் எடுத்தால் அது அச்சாகும். சேற்றில் செத்துக் கிடக்கும் வண்டிக் குதிரையை எடுத்தால் அச்சாகுமா? கோயபல்ஸ் ஒளித்த குதிரையை இன்றைய பொம்மைக் கடையும் பின்வரிசையில்தான் வைத்திருக்கிறது. விலைபோகாது என்பது காரணம். காரணம் வேறானாலும் விளைவு ஒன்றுதான்.

டைகர் என்ற டாங்கியும் அப்படித்தான். விளையாட்டு மேசைக்கு மேசை டைகர் நிற்கிறது. நிஜத்தில் முதல் வகை டைகர் மொத்தம் 1,350 அளவுக்குத்தான் உற்பத்தியானது. ரஷ்யாவின் டி-34 போர்க்காலத்தில் மட்டும் 50,000-க்கு மேல். அமெரிக்காவின் ஷெர்மன் ஏறத்தாழ 50,000. துனீசியாவில் 1943 ஏப்ரலில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்ட டைகர் ஒன்று இங்கிலாந்தின் பாவிங்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் ஓடும் நிலையில் இருக்கிறது. அதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது. ரொட்டி வண்டியைப் பார்க்கக் கூட்டம் வருமா?

மேசையில் இல்லாதவர்கள்

இதுவரை சொன்னது உடுப்பும் உருளையும். இனிச் சொல்லப்போவது மனிதர்களைப் பற்றியது. எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் உள்ள பெரிய உறுத்தலும் இதில்தான் இருக்கிறது.

"இது சாதாரண ராணுவம், பெரியப்பா. யூதர்களைக் கொன்னது எஸ்.எஸ். காரங்க. இவங்க சிப்பாய்ங்கதான்" என்று ஆரம்பத்தில் அவன் சொன்னான். அவன் மட்டுமல்ல, உலகில் பாதிப் பேர் பல காலம் அப்படித்தான் நம்பினார்கள். அப்படி நம்பவைத்தவர்கள் அந்த ராணுவத்தின் தளபதிகளே. மான்ஸ்டைன் என்ற தளபதியை 1949ல் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் போர்க் குற்றவாளி என்று தண்டித்தது. 1953ல் வெளியே வந்தார். 1955ல் தன் நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். தோல்விக்கெல்லாம் ஹிட்லர் காரணம். வெற்றிக்கெல்லாம் தளபதிகள் காரணம். கொலைகளைப் பற்றி மூச்சு இல்லை. இந்த ரகப் புத்தகங்களைப் படித்துத்தான் ஒரு தலைமுறை விளையாட்டுக்காரர்கள் தங்கள் படைகளைத் திரட்டினார்கள்.

உண்மை என்ன? ஜெர்மன் ராணுவம் சிறைப்பிடித்த ரஷ்யச் சிப்பாய்கள் சுமார் 57 லட்சம் பேர். அவர்களில் 30 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். 1941-42 குளிர்காலத்தில் முள்வேலிக்குள் திறந்தவெளியில் விட்டு, பட்டினி போட்டே பெரும்பாலோரைச் சாகடித்தார்கள். அந்த முகாம்களைக் காத்தது எஸ்.எஸ். அல்ல, சாதாரண ராணுவம். 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாட்களில் கீவ் நகரத்துப் பாபி யார் பள்ளத்தாக்கில் 33,771 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டது எஸ்.எஸ்ஸும் போலீஸும். அதற்குத் துணை நின்றது ஆறாவது ராணுவம். அதன் தளபதி ரைஷெனாவ் அடுத்த மாதமே, யூதர்களிடம் கடுமை காட்டுவது சிப்பாயின் கடமை என்று எழுத்திலேயே உத்தரவு போட்டார். லெனின்கிராட் நகரை 872 நாள் முற்றுகையிட்டுப் பட்டினி போட்டதும் ராணுவம்தான்.

1995ல் ஹாம்பர்கில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் இதையெல்லாம் படங்களோடு கண்காட்சியாக வைத்தது. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் கொந்தளித்துவிட்டன. "என் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை" என்று ஊருக்கு ஊர் ஆர்ப்பாட்டம். சில படங்களில் பிழை இருந்ததால் நிறுத்தி, ஆராய்ந்து, 2001ல் திரும்பவும் வைத்தார்கள். அடிப்படை உண்மை மாறவில்லை. தன் தகப்பன் செய்ததை ஒரு நாடு இப்படி முகத்துக்கு நேரே பார்த்ததற்கு நாம் தலைவணங்கத்தான் வேண்டும். அந்த நாட்டில் ஸ்வஸ்திகா சின்னத்தைப் பகிரங்கமாகக் காட்டுவது குற்றம். கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் கலைக்கும் மட்டும் விலக்கு உண்டு. அதனால் அங்கே விற்கும் பொம்மை விமானத்தின் வாலில் அந்தச் சின்னம் இருக்காது. ஆனால் அதே நாட்டில் 1930களில் எலாஸ்டோலின் என்ற பெயரில், கை உயர்த்தி வணக்கம் வைக்கும் ஹிட்லர் பொம்மையை அச்சடித்துக் குழந்தைகளுக்கு விற்றார்கள். பொம்மைக்கும் அரசியல் உண்டு என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்?

விளையாட்டு மேசையில் இந்த 30 லட்சம் பேருக்கு இடமில்லை. பகடை உருட்டினால் சிப்பாய் விழுவான். எடுத்துப் பெட்டியில் வைத்து அடுத்த வாரம் திரும்ப நிறுத்தலாம். இது இந்த விளையாட்டின் குறை. விதிப் புத்தகத்தைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது. நான் அந்தப் பையனிடம் சொன்னேன். அவனும் ஒப்புக்கொண்டான். "அதனாலதான் படிக்கிறேன், பெரியப்பா. ஆடும்போது அது வராது. படிக்கும்போது வந்திடுது" என்றான்.

ரயிலில் ஒரு பேச்சு

நம் ஆட்களில் இந்தப் பையன் அளவுக்குப் படித்தவர்கள் எத்தனை பேர்? காலை லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு போகும்போது காதில் விழுகிற பேச்சு என்ன? வண்டி பத்து நிமிடம் தாமதமானால் போதும். "இந்த நாட்டுக்கு ஒரு ஹிட்லர் வரணும் சார், அப்பத்தான் உருப்படும்." சொல்கிறவர் நல்ல மனிதர். டிபன் டப்பாவில் பாதியை அடுத்தவருக்குக் கொடுக்கிறவர். ஹிட்லரின் சுயசரிதை நம் ஊர் நடைபாதைக் கடைகளில், திருப்பதி படத்துக்கும் ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் புத்தகத்துக்கும் நடுவில் இருந்து விலை போகிறது. வெளிநாட்டார் பார்த்துத் திகைக்கிறார்கள்.

அந்தப் புத்தகத்தில் இந்தியாவைப் பற்றி அந்த மனிதர் எழுதியிருப்பதை வாங்கியவர்கள் படித்திருப்பார்களா? இந்தியா வேறு யார் கையிலும் இருப்பதைவிட ஆங்கிலேயன் ஆட்சியில் இருப்பதே மேல் என்று எழுதியிருக்கிறார். 1937 நவம்பரில் ஹாலிஃபாக்ஸ் பிரபு அவரைப் பார்க்கப் போனார். நம் பழைய வைஸ்ராய் இர்வின்தான் அவர். 1931ல் காந்திஜியோடு ஒப்பந்தம் செய்தவர். அவரிடம் ஹிட்லர் சொன்ன யோசனை, காந்தியைச் சுட்டுத் தள்ளுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் காங்கிரஸ்காரர்களில் இன்னும் பல பேரைச் சுடுங்கள் என்பது. உடனிருந்த பிரிட்டிஷ் அதிகாரி இதைப் பதிவு செய்திருக்கிறார். ரயிலில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஹிட்லரைக் கூப்பிடுகிறவர் இதையும் தெரிந்துகொண்டு கூப்பிடட்டும்.

இரண்டு இந்தியச் சிப்பாய்கள்

ஒரு நாள் அந்தப் பையனின் பலகையில் ஜெர்மன் உடுப்பில் தலைப்பாகை கட்டிய சீக்கியச் சிப்பாய் ஒருவனைப் பார்த்தேன். கையில் மூவர்ணச் சின்னம்; அதில் பாயும் புலி. நண்பருக்கு அன்று ஒரே பெருமை. "நம்ம நேதாஜி படை, அண்ணாச்சி!" என்றார்.

நேதாஜியின் மீது எனக்கும் பக்தி உண்டு. ஆனால் இதைச் சரியாகச் சொல்ல வேண்டும். மலேயாவிலும் பர்மாவிலும் தோட்டத் தொழிலாளித் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்களே, அந்த இந்திய தேசிய ராணுவம் வேறு. இது ஜெர்மனியில், வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியக் கைதிகளைக் கொண்டு 1942ல் அமைந்த படை. சுமார் 3,000 பேர். அவர்கள் எடுத்த சத்தியப் பிரமாணத்தில் ஹிட்லர் பெயரும் இருந்தது, நேதாஜி பெயரும் இருந்தது. 1943 பிப்ரவரியில் நேதாஜி நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே புறப்பட்டுவிட்டார். இவர்கள் ஹாலந்துக்கும் பிறகு பிரான்சின் அட்லாண்டிக் கடற்கரைக்கும் அனுப்பப்பட்டார்கள். 1944 ஆகஸ்டில் எஸ்.எஸ். படையோடு சேர்க்கப்பட்டார்கள். இந்திய மண்ணை அவர்கள் மீட்க வரவே இல்லை. அவர்களைத் துரோகி என்று நான் சொல்லமாட்டேன். முள்வேலிக்குள் இருந்தவன் எடுத்த முடிவை விசிறிக்கடியில் இருப்பவன் எடைபோடக் கூடாது. ஆனால் யாருடைய சட்டையைப் போட்டிருந்தார்கள் என்பதைப் பூசி மறைக்கவும் கூடாது.

அதே போரில் இன்னோர் இந்தியர் இருந்தார். அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? சுபேதார் சுப்பிரமணியன். தமிழர். மதராஸ் சாப்பர்ஸ் படைக்காரர். 1944 பிப்ரவரி 24ந் தேதி இத்தாலியில் மிக்னானோ அருகே, காயம்பட்டவர்களை மீட்பதற்காகக் கண்ணிவெடிகளுக்கு நடுவே வழி செய்துகொண்டு போனார்கள். கூட வந்தவரின் காலடியில் ஒரு கண்ணிவெடி தட்டுப்பட்டுவிட்டது. வெடிக்க இருந்தது சில வினாடி. சுப்பிரமணியன் அதன்மேல் தன் உடம்பைப் போட்டுப் படுத்துவிட்டார். மற்றவர்கள் பிழைத்தார்கள். அவர் மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. டைகர் டாங்கிக்கு அங்காடியில் நூறு விதப் பொம்மை கிடைக்கிறது. கண்ணிவெடி தேடும் கருவியோடு குனிந்து நடக்கும் ஒரு மதராஸ் சாப்பர் பொம்மை வேண்டும் என்று இந்தப் பையன் இரண்டு மாதம் தேடினான். கிடைக்கவில்லை. வேறு ஒரு படைச் சிப்பாயின் கையை வெட்டி ஒட்டித் தானே செய்துகொண்டான்.

நண்பரிடம் நான் சொன்னது இதுதான். பையனைத் தடுக்காதீர்கள். செலவுக்கு மட்டும் ஒரு வரம்பு போடுங்கள். மாதம் ஒரு பெட்டிக்கு மேல் வேண்டாம். முந்தின பெட்டிக்குப் பெயிண்ட் முடியாமல் அடுத்த பெட்டி வாங்கக் கூடாது. (இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் உலகம் முழுவதும் இந்த ஒரு விதியை மட்டும் காப்பாற்றுவதே இல்லையாம்.) பையனிடமும் சொன்னேன். எஸ்.எஸ். படையின் புள்ளி போட்ட உடுப்பு பெயிண்ட் அடிக்க அழகாக இருக்கிறது என்பதற்காக அதை வாங்கி அலமாரியில் வைக்காதே. ஒரு சண்டைக்கு அவர்கள் வேண்டும் என்றால் அந்த ரெஜிமெண்ட் அதற்கு முன்பும் பின்பும் எந்த ஊரில் என்ன செய்தது என்று தேடிப் படித்துவிட்டு வாங்கு. படித்த பிறகும் வாங்க மனம் வந்தால் அது உன் இஷ்டம். அவன் இதுவரை வாங்கவில்லை.

சென்ற வாரம் போயிருந்தேன். பலகையில் ஒரு ரொட்டி வண்டியும் இரண்டு குதிரைகளும் நின்றன. நண்பர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். சிறுவயதில் அவர் தகப்பனார் ஊரில் ஜட்கா வைத்திருந்தவர்.

"அண்ணாச்சி, இதைப் பாருங்க. வாரை இப்படிக் கட்டினா குதிரைக்குத் தோள்ல புண்ணு வந்திடும். பத்து மைல் போகாது. இவன்கிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன், போட்டோவுல இப்படித்தான் இருக்குங்கான்" என்றார்.

பையன் படத்தை எடுத்து நீட்டினான். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். படத்தில் இருந்த குதிரையின் தோளில் புண் இருந்தது.